தலையெழுத்தில் ஒளித்து வைத்த பெயர்

1

பதினைந்தாம் நூற்றாண்டு என்றதும் நமக்கெல்லாம் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகம்தான் ஞாபகத்துக்கு வரும். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் வசமானது, கிரேக்க ஏடுகளைத் தூக்கிக்கொண்டு அறிஞர்கள் இத்தாலிக்கு ஓடிவந்தார்கள், கூட்டன்பர்க் அச்சு எந்திரம் செய்தார், கொலம்பஸ் கப்பல் விட்டார், மறுமலர்ச்சி பிறந்தது. பரீட்சைக்கு ஐந்து மார்க். நானும் இதை ஒப்பித்துத்தான் தேறினேன். எம்.ஏ. தமிழ் படிக்கப் போனால் அங்கேயும் மறுமலர்ச்சிதான். உரைநடையில் மறுமலர்ச்சி, கவிதையில் மறுமலர்ச்சி. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே வகுப்பெடுப்பவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிடும்.

அதே நூற்றாண்டில் அதே ஐரோப்பாவில் மனிதர்களை உயிரோடு எரித்த சங்கதி பாடத்தில் வேறொரு பக்கத்தில் இருக்கும். அல்லது இருக்கவே இருக்காது. இருந்தாலும் 'இடைக்கால இருளின் மிச்சம்' என்று ஒரே வரியில் காரியத்தை முடித்துவிடுவார்கள். வெளிச்சம் வரவர இருட்டு தானாக விலகிப் போகும் என்பது இந்தக் கதையின் சாரம். முற்போக்கு பேசுகிற நம் நண்பர்கள் பலருக்கும் இதில் ஆழமான நம்பிக்கை உண்டு. ரயில் வந்தால் சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழிற்பிரிவினை கரையும் என்று 1853இல் மார்க்ஸே எழுதினார். ரயில் வந்தது, படிப்பு வந்தது, கம்ப்யூட்டரும் வந்தது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை ஸ்பெயினைப் பற்றியது. அங்கே அந்த நூற்றாண்டில் படிப்பும் அச்சும் இலக்கணமும் பதவியும் பரவின. 'ரத்தத் தூய்மை' என்கிற புதுச் சரக்கு தயாரானதும் அதே நூற்றாண்டில்தான், பல நேரம் அதே கைகளால்தான். பழைய இருட்டின் மிச்சமாக அது வரவில்லை. கீழே கிடந்தவர்கள், வெளியே நின்றவர்கள், படித்துப் பதவிக்கு உள்ளே வந்ததும் அவர்களைத் திரும்ப வெளியே தள்ளுவதற்காகப் புதிதாகச் செய்யப்பட்டது. அந்த நூற்றாண்டின் கடைசி வருஷத்தில், 'தூய்மையற்ற ரத்தம்' என்று முத்திரை குத்தப்பட்ட குடியில் பிறந்த ஒரு சட்ட மாணவர் எழுதிய நூல் ஒன்று இருக்கிறது. அதை முன்னால் வைத்துக்கொண்டு இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

2

முதலில் சரித்திரம். காஸ்தீல் அரசில் யூதர்கள் பல நூற்றாண்டுகளாகக் குடியிருந்தவர்கள். 1391 ஜூனில் செவில் நகரில், ஒரு பாதிரியாரின் பல வருஷத்துப் பிரசங்கத்தால் சூடேறிக் கிடந்த கும்பல் யூதர் குடியிருப்புக்குள் புகுந்து வெட்டியது. கலவரம் ஊர் ஊராகப் பரவியது. ஒன்று ஞானஸ்நானம், இல்லாவிட்டால் சாவு என்ற நிலைமையில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். இவர்களையும் இவர்கள் வழிவந்தவர்களையும் 'கொன்வெர்ஸோ', அதாவது மதம் மாறியவர் என்றார்கள். பேரப்பிள்ளை காலத்திலும் அந்தப் பெயர் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாறியது தாத்தா, மாறியவன் என்ற பெயர் பேரனுக்கு.

மதம் மாறியதும் அதுவரை மூடியிருந்த கதவுகள் திறந்தன. நகரசபை, அரண்மனைக் கணக்கு, பல்கலைக்கழகம், திருச்சபை எல்லாவற்றிலும் நுழைந்தார்கள். புர்கோஸ் நகரத்தில் யூத குருவாக இருந்த சாலமன் ஹ-லேவி, பாப்லோ தெ சாந்தா மரியா என்று பேர் வைத்துக்கொண்டு 1415இல் அதே நகரத்துக்கு ஆயரானார். அவர் மகன் அலோன்ஸோ தெ கார்த்தஹேனா அப்பாவுக்குப் பிறகு அதே ஆசனத்தில் அமர்ந்தார்; சிசரோவையும் செனெக்காவையும் காஸ்தீல் மொழியில் பெயர்த்தார். மறுமலர்ச்சி மறுமலர்ச்சி என்று சொல்கிறார்களே, அதன் முதல் வேலையை ஸ்பெயினில் செய்தவர்களில் இவரும் ஒருவர்.

இதற்கு வந்த பதில்தான் 1449. அந்த வருஷம் தொலேதோ நகரத்திடம் அரசாங்கம் பத்து லட்சம் மராவேதி கடன் கேட்டது. கேட்டவர் அரசரின் வலக்கையாக இருந்த அல்வாரோ தெ லூனா. ஜனங்களின் கோபம் அவரைத் தொடவில்லை. வரி வசூலோடு சம்பந்தப்பட்ட கொன்வெர்ஸோ வியாபாரி ஒருவரின் வீடு எரிந்தது. ஜூன் 5ஆம் தேதி நகரத் தலைவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள்: யூத வம்சத்தில் வந்தவர் எவரும், எவ்வளவு காலம் கிறிஸ்தவராக இருந்தாலும், நகரத்திலும் அதன் ஆட்சிப் பகுதியிலும் பதவி வகிக்கக் கூடாது, சாட்சி சொல்லவும் தகுதி கிடையாது.

சாட்சி சொல்லத் தகுதி இல்லை. சாட்சியங்களை அச்சடிக்கிற பத்திரிகையின் வாசகர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவனைப் பதவியிலிருந்து இறக்குவது பிழைப்பில் அடிப்பது. அவன் சாட்சியம் செல்லாது என்பது, அவனுக்கு என்ன நடந்தாலும் நடந்ததாகக் கணக்கில்லை என்று சொல்வது.

அதே வருஷம் போப் ஐந்தாம் நிக்கோலஸ் இந்தச் சட்டத்தைக் கண்டித்தார். கார்த்தஹேனா இதை எதிர்த்துத் தனி நூலே எழுதினார். ஞானஸ்நானம் பெற்ற பிறகு கிறிஸ்தவர்களுக்குள் பழையவர், புதியவர் என்ற பேதம் கிடையாது என்று வேதத்திலிருந்தே வாதாடினார். வாதத்தில் ஜெயித்தவர் அவர்தான். நடைமுறையில் ஜெயித்தது சட்டம். துறவற சபைகள், கல்லூரி விடுதிகள், தொழிற்சங்கங்கள் என்று ஒவ்வொன்றாக ரத்தத் தூய்மை விதியை ஏற்றுக்கொண்டன. 1547இல் தொலேதோ பேராலயமே ஏற்றது. வேலைக்கும் கல்யாணத்துக்கும் ரத்தத் தூய்மை நிரூபிக்க வேண்டும் என்ற மிச்சசொச்ச விதிகளை ஸ்பெயின் சட்டபூர்வமாக நீக்கியது 1865இல். நானூறு வருஷத்துக்கும் மேலே!

இதன் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். அதுவரை சுவர் மதத்தால் ஆனது. தண்ணீர் தெளித்தால் தாண்டிவிடலாம். தாண்டி வந்தார்கள். வந்ததும் சுவரை இடம் மாற்றி உடம்புக்குள்ளே, ரத்தத்துக்குள்ளே கட்டினார்கள். தண்ணீர் அங்கே போகாது. மதம் மாறியும் கல்லறைத் தோட்டத்தில் சுவரைக் கண்டவர்கள் நாம். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணையால் மாறிய மதத்தைக் காட்டிப் பட்டியலிலிருந்து பெயர் விடுபட்டவர்களும் நம்மில்தான் இருக்கிறார்கள். ஊர்க்காரனுக்கு நாம் மாறவே இல்லை, அரசாங்கத்துக்கு மாறிவிட்டோம். இந்த வேடிக்கையின் ஸ்பானியப் பதிப்பு எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1478இல் போப்பிடம் அனுமதி வாங்கி அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்தினாந்தும் 'இன்க்விசிஷன்' என்ற மத விசாரணை மன்றத்தை ஏற்படுத்தினார்கள். 1481 பிப்ரவரியில் செவிலில் முதல் ஆறு பேர் எரிக்கப்பட்டார்கள். 1486 பிப்ரவரியில் தொலேதோவில் ஒரே நாளில் சுமார் 750 பேரைக் குளிரில் வெறுங்காலோடு, வெறுந்தலையோடு ஊர்வலம் விட்டார்கள். ஊரே கூடி நின்று பார்த்தது.

இந்த மன்றத்தின் அதிகாரம் யூதர்கள் மேல் அல்ல, ஞானஸ்நானம் பெற்றவர்கள் மேல். விசாரிப்பது எதை? சனிக்கிழமை துவைத்த சட்டை போட்டாயா, அன்றைக்கு அடுப்பு எரிந்ததா, பன்றிக்கறி தின்கிறாயா, தின்னாமல் ஒதுக்குகிறாயா? அடுக்களையும் துணியும்தான் சாட்சிகள். பக்கத்து வீட்டுக்காரியும் வேலைக்காரியும் வந்து சொல்வார்கள். சொன்னது யாரென்று குற்றம் சாட்டப்பட்டவருக்குக் காட்டமாட்டார்கள். அங்கே பன்றிக்கறி தின்னாதவன் குற்றவாளி. இங்கே மாட்டுக்கறி தின்றவன். சட்டிக்குள்ளே எட்டிப் பார்க்கிற மூக்கு ஒண்ணுதான்.

இதையெல்லாம் செய்தவர்கள் காட்டுமிராண்டிகளா? கிடையாது. சட்டம் படித்தவர்கள், பல்கலைக்கழகப் பட்டதாரிகள். ஒவ்வொரு விசாரணைக்கும் எழுத்தர் உண்டு, கோப்பு உண்டு, ஆவணக் காப்பகம் உண்டு. அந்தக் காலத்தில் இவ்வளவு ஒழுங்காகக் காகிதம் பேணிய நிறுவனங்கள் குறைவு.

3

1492ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரி 2இல் கடைசி முஸ்லிம் அரசான கிரானடா விழுந்தது. மார்ச் 31இல் மதம் மாறாத யூதர்கள் எல்லோரும் நான்கு மாதத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஆகஸ்டு 3இல் கொலம்பஸ் புறப்பட்டார். ஆகஸ்டு 18இல் சாலமன்காவில் அந்தோனியோ தெ நெப்ரிஹாவின் காஸ்தீல் மொழி இலக்கணம் அச்சாகி வெளிவந்தது. அன்றாடம் பேசுகிற ஒரு ஐரோப்பிய மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் என்று அதைச் சொல்கிறார்கள். இலக்கணம் படித்தவர்கள் நாம். அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. ஆனால் அதன் முன்னுரையில் நெப்ரிஹா அரசியிடம் சொல்வது என்ன? பேரரசு எங்கே போகிறதோ அங்கே மொழியும் கூடவே போகும். தோற்ற ஜனங்களுக்கு ஜெயித்தவரின் சட்டம் புரிய இந்த இலக்கணம் உதவும் என்பதுதான். கொஞ்ச காலத்தில் நெப்ரிஹா பைபிள் மூலபாடத்தில் கைவைத்தபோது தலைமை விசாரணையாளர் அவருடைய குறிப்புகளையே பறிமுதல் செய்தார். கூட நடந்தவரின் காகிதமும் தப்பவில்லை.

இன்னொருவர் கர்தினால் சிஸ்னெரோஸ். அல்காலா பல்கலைக்கழகத்தை நிறுவியவர். எபிரேயம், கிரேக்கம், லத்தீன் எல்லாவற்றையும் பக்கத்துக்குப் பக்கம் அடுக்கி மாபெரும் பன்மொழி பைபிளை அச்சிட வைத்தவர். அதே மனிதர்தான் 1499இல் கிரானடாவுக்குப் போய் முஸ்லிம்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் கொடுத்தார், அரபு நூல்களைக் குவித்து எரிக்க வைத்தார். 1507இல் தலைமை விசாரணையாளரும் ஆனார். அவருடைய பைபிளுக்கு எபிரேயப் பாடம் பார்த்துக் கொடுத்தவர்கள் யூதக் குடியில் பிறந்து மதம் மாறிய அறிஞர்கள். அவர்கள் அறிவு வேண்டும், அவர்கள் ரத்தம் ஆகாது. தோலும் செருப்பும் வேண்டும், தைத்தவன் வாசலுக்கு வரக்கூடாது என்பதன் ஐரோப்பிய வடிவம் இது.

அறிவாளிகளாகவும் கொடுமைக்காரர்களாகவும் அவர்கள் இரண்டு முகத்தோடு இருந்தார்கள் என்று இதைச் சமாதானம் சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தெரியவில்லை. மொழியை வரையறுப்பது, வேதத்தைத் திருத்தமாகப் பதிப்பிப்பது, குடிமக்களை ரத்தத்தால் வகைபிரிப்பது மூன்றும் ஒரே வேலையின் பகுதிகளாகத்தான் நடந்தன. எது கலப்பில்லாதது என்று கண்டுபிடித்துப் பட்டியல் போடுகிற வேலை அது. பாடபேதம் பார்க்கிற கண்தான் குலபேதமும் பார்த்தது.

4

இனி அந்த நூல். 1499இல் புர்கோஸ் நகரில் அச்சான பதிப்புதான் நமக்குத் தெரிந்த மிகப் பழையது. கலிஸ்தோ, மெலிபேயா என்ற இருவர் பேரில் வந்த உரையாடல் நூல். முதலில் பதினாறு அங்கம், பிறகு இருபத்தொன்றாக நீண்டது. ஜனங்கள் அந்த இருவரையும் மறந்துவிட்டு நடுவில் வருகிற கிழவியின் பேரையே நூலுக்கு வைத்துவிட்டார்கள்: 'லா செலஸ்தினா'. நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பில்.

கதை சின்னது. கலிஸ்தோ என்கிற பணக்கார வாலிபன் பறந்துபோன வல்லூறைத் தேடி ஒரு தோட்டத்துக்குள் நுழைகிறான். மெலிபேயாவைப் பார்த்துப் பித்தாகிறான். வேலைக்காரன் செம்ப்ரோனியோ, காதலர்களைக் கூட்டி வைப்பதில் கைதேர்ந்த செலஸ்தினாவிடம் ஆள் அனுப்பச் சொல்கிறான். அவள் நூல் விற்கிற சாக்கில் மெலிபேயாவின் வீட்டுக்குள் போய் அவள் மனசை மாற்றுகிறாள். கலிஸ்தோ தங்கச் சங்கிலி கொடுக்கிறான். செம்ப்ரோனியோவும் பர்மேனோ என்ற இன்னொரு வேலைக்காரனும் பங்கு கேட்கிறார்கள், அவள் தர மறுக்கிறாள், கொன்றுவிடுகிறார்கள். பொழுது விடிவதற்குள் அவர்கள் தலை போகிறது. கலிஸ்தோ ஏணியிலிருந்து தவறி விழுந்து சாகிறான். மெலிபேயா கோபுரத்திலிருந்து குதிக்கிறாள். அவளுடைய அப்பா ப்ளெபேரியோ தனியாக நின்று புலம்புவதோடு நூல் முடிகிறது.

செலஸ்தினாவின் வீடு எங்கே இருக்கிறது? பர்மேனோ எஜமானுக்கு அடையாளம் சொல்கிறான்: ஊர்க்கோடியில், ஆற்றுச் சரிவில், தோல் பதனிடும் கூடங்களுக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கிற பாதி இடிந்த வீடு. இதைப் படித்ததும் கதை எந்த நாட்டில் நடக்கிறது என்பதே எனக்கு மறந்துபோச்சு. சுண்ணாம்புத் தண்ணியும் ஊறுகிற தோலும் வீசுகிற நாற்றம் எட்டாத இடத்தில் பெரிய வீடுகள். எட்டுகிற இடத்தில் இவள். ஊர் எங்கே முடிகிறது என்று காட்டுவதற்கு ஆசிரியருக்கு வேறெந்த வர்ணனையும் தேவைப்படவில்லை.

அவளுக்குத் தொழில் ஆறு. தையல், வாசனைத் தைலம், முகப்பூச்சு, போன கன்னிமையைத் தைத்துத் தருவது, கூட்டிக்கொடுப்பது, கொஞ்சம் சூனியம். பிரபு வீட்டிலும் அவளைத் தேடுவார்கள், மடத்திலும் தேடுவார்கள். பகலில் யாரும் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அவள் தெருவில் போனால் நாய் குரைப்பதும் கொல்லன் சம்மட்டி அடிப்பதும்கூட அவளுடைய வசவுப் பெயராகவே ஒலிக்கும் என்கிறான் பர்மேனோ. அவளோ சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்ப்பாள். பெயரே வசவாக இருக்கிறவர்கள் அந்தச் சிரிப்பை அறிவார்கள். அதில் பாதி பிழைப்பு, பாதி எகத்தாளம்.

அவளைச் சுற்றி இருக்கிற பெண்களில் அரேயூசா என்பவள் பேசுகிற ஒரு இடம் உண்டு. பெரிய வீட்டில் வேலைக்கு நிற்கிற பெண்கள் வருஷக்கணக்கில் உழைத்துவிட்டுக் கடைசியில் திருட்டுப்பட்டம் கட்டப்பட்டுத் துரத்தப்படுவதைச் சொல்லி, என் சின்ன வீட்டில் நானே எஜமானி, எனக்கு அது போதும் என்கிறாள். குலத்தைப் பற்றியும் பேச்சு வருகிறது. எல்லோரும் ஆதாம் ஏவாள் பிள்ளைகள்தான், ஒருத்தரின் குலம் அவரவர் செய்கையில் இருக்கிறது என்கிற அர்த்தத்தில் சொல்கிறாள். ரத்தச் சான்றிதழ் கேட்கத் தொடங்கிவிட்ட நாட்டில், இந்தப் பேச்சை ஆசிரியர் ஒரு பிரபு வாயிலோ பாதிரியார் வாயிலோ வைக்கவில்லை. வேசி என்று ஊர் சொல்கிற ஒருத்தியின் வாயில், சாப்பாட்டு மேஜையில் வைக்கிறார்.

என்னை உலுக்கிய இடம் இன்னொன்று. பர்மேனோவின் அம்மா க்ளாவுதினா செலஸ்தினாவின் கூட்டாளி. சூனியக்காரி என்று அவளைப் பிடித்து, தலையில் வர்ணம் தீட்டிய குல்லாய் வைத்து, மேடையில் ஏற்றி ஊர் பார்க்க நிறுத்துகிறார்கள். செலஸ்தினா இதை அந்த மகனிடமே சொல்கிறாள். பொய்ச் சாட்சி வைத்து, சித்திரவதை செய்து, இல்லாததை ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்கிறாள். அப்போது ஒரு பாதிரியார் வந்து க்ளாவுதினாவுக்கு ஆறுதல் சொன்னாராம்: துன்புறுத்தப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்கிற மலைப்பிரசங்க வாக்கை. மத்தேயுவில் அது 'நீதியினிமித்தம்' துன்பப்படுகிறவர்களைப் பற்றியது. ஸ்பானிய மொழியில் 'நீதிக்காக' என்பதற்கும் 'நீதிமன்றத்தால்' என்பதற்கும் ஒரே சொற்றொடர்தான். கிழவி அதை இரண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறாள். நீதி என்ற பேரில் வருகிறவர்கள் யாரைச் சித்திரவதை செய்கிறார்களோ அவர்களுக்கே பரலோகம்!

வேத வசனத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. விசாரணை மன்றம் உச்சத்தில் இருந்த காலத்தில் இது அச்சில் வந்து விற்றது, திரும்பத் திரும்பப் பதிப்பு கண்டது, 1506இல் இத்தாலிய மொழிக்கும் போனது. பண்பாட்டு முன்னேற்றம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைச் சொல்வேன். மேலிருந்து வந்த இலக்கணத்துக்குள்ளே புகுந்துகொண்டு, அதே சொல்லால் அந்த இலக்கணத்தையே சிரிக்க வைக்கிற இந்தத் திறமையை.

கடைசியில் ப்ளெபேரியோவின் புலம்பல். மகளை இழந்த அப்பன் உலகத்தைத் திட்டுகிறான், விதியைத் திட்டுகிறான், காதலைத் திட்டுகிறான். யாருக்காகக் கட்டினேன், யாருக்காகச் சேர்த்தேன் என்று கேட்கிறான். கடவுள் சித்தம், சொர்க்கத்தில் சந்திப்போம் என்கிற வழக்கமான ஆறுதல் கிடைப்பதில்லை. அக்காலத்து நூலில் அந்த ஆறுதல் இல்லாமல் போவது சாமானிய விஷயமல்ல.

இதற்காக இதை விடுதலை இலக்கியம் என்று நான் தூக்கிப் பிடிக்கவில்லை. பணக்காரனின் துக்கத்துக்கு ஒரு முழு அங்கம். தலை வெட்டுப்பட்ட இரண்டு வேலைக்காரர்களுக்குப் புலம்ப யாருக்கும் அவ்வளவு இடம் தரப்படவில்லை. செலஸ்தினாவும் தன் கீழே இருக்கிற பெண்களை விற்றுத்தான் சாப்பிடுகிறாள். கொன்வெர்ஸோக்களையும் நம்மையும் நேர்க்கோட்டில் வைத்துப் பார்ப்பதும் தப்பு. அவர்களில் பெரும் பணக்காரர்கள், வரி வசூலித்தவர்கள், ஏன், விசாரணையாளர்களோடு சேர்ந்துகொண்டவர்களும் உண்டு. ஒப்புமை ஒரு இடத்தில்தான்: ஏறி வந்ததற்காக அடி வாங்கினார்கள், அடித்தவர்கள் அடிக்குக் காரணமாகப் பிறப்பைக் காட்டினார்கள்.

5

ஆசிரியர் பெயர் முதல் பதிப்பில் இல்லை. அடுத்து 1500இல் தொலேதோவில் வந்த பதிப்பில் முன்னால் பதினோரு செய்யுள்கள் சேர்ந்தன. ஒவ்வொரு அடியின் தலை எழுத்தையும் வரிசையாகக் கோத்தால் ஒரு வாக்கியம் கிடைக்கும்: பட்டதாரி ஃபெர்னான்தோ தெ ரோஹாஸ் இதை முடித்தார், பிறந்தது புவெப்லா தெ மோந்தல்பானில் என்று. முதல் அங்கம் வேறு யாரோ எழுதிக் கிடைத்தது, சாலமன்காவில் சட்டம் படிக்கையில் இரண்டு வார விடுமுறையில் மிச்சத்தை எழுதினேன் என்று நூலின் முகப்புக் கடிதம் சொல்கிறது.

நம் பேச்சில் தலையெழுத்து என்றால் விதி. பிறக்கும்போதே எழுதியாச்சு, அழிக்க முடியாது என்பார்கள். இந்த மனிதர் தன் பெயரையும் பிறந்த ஊரையும் தலையெழுத்துக்களில் ஒளித்து வைத்தார். பட்டத்தையும் விடவில்லை. முதல் தலைமுறையாகப் படித்தவர்கள் சுவரொட்டியில் பேருக்குப் பின்னால் எம்.ஏ., பி.எல். போட்டுக்கொண்டால் கேலி செய்கிறார்கள் இல்லையா, அவர்கள் இந்தப் பட்டதாரியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும். முழுக்க மறைக்கவும் மனசு வரவில்லை, முழுக்கச் சொல்லவும் தைரியம் போதவில்லை. வாடகைக்கு வீடு கேட்கப்போய், ஊர்ப் பேரைச் சொல்லலாமா, தெருப் பேரையும் சொல்லணுமா என்று யோசித்த எவருக்கும் இந்தச் செய்யுளின் இலக்கணம் புரியும்.

ரோஹாஸ் பிறகு தலவேரா நகரில் வக்கீலாக இருந்தார். நகரத் தலைவர் பொறுப்பும் வகித்தார். 1541இல் இறந்தார். அவருடைய பெயரில் வேறு படைப்பு எதுவும் நமக்கு வந்துசேரவில்லை. ஆனால் 1525இல் அவர் பெயர் ஒரு கோப்பில் வருகிறது. அவருடைய மாமனார் அல்வாரோ தெ மோந்தல்பான், முதியவர், விசாரணை மன்றத்தில் மாட்டிக்கொண்டார். இந்த உலகத்தில் நல்லா இருந்தால் போதும், அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும் என்கிற மாதிரி எங்கேயோ பேசிவிட்டாராம். விசாரணையில் மகளைப் பற்றிச் சொல்லும்போது, மெலிபேயாவை எழுதிய பட்டதாரி ரோஹாஸின் மனைவி என்கிறார். தனக்கு வக்கீலாக மருமகனையே கேட்கிறார். மருமகன் கொன்வெர்ஸோ என்று கோப்பில் எழுதிக்கொள்கிறார்கள். அது ஆகாது, சந்தேகத்துக்கு இடமில்லாத ஆளாகப் பார் என்று பதில் வருகிறது.

நூல் அச்சாகி இருபத்தைந்து வருஷம். ஊரெல்லாம் படிக்கிறது. எழுதியவர் படித்த வக்கீல். வாதாடத் தகுதி இல்லை. 1449இன் சட்டம் சாட்சி சொல்லத் தகுதி இல்லை என்றது. 1525இல் வக்கீலுக்கும் அதே கதி. படித்து முன்னேறினால் எல்லாம் சரியாயிடும் என்கிறவர்கள் இந்தக் கோப்பை என்ன செய்வார்கள்?

6

கடைசியாக விமர்சகர்களைப் பற்றி. இருபதாம் நூற்றாண்டில் இந்த நூலைச் சுற்றிப் பெரிய சண்டை நடந்தது. உள்நாட்டுப் போரால் நாட்டைவிட்டுப் போன அமெரிக்கோ காஸ்த்ரோ, ஸ்பானியப் பண்பாடு என்பதே கிறிஸ்தவரும் முஸ்லிமும் யூதரும் சேர்ந்து செய்தது என்று 1948இல் எழுதினார். அவர் வழியில் ஸ்டீபன் கில்மன் 1972இல் ரோஹாஸின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து திரட்டி, இந்தக் கசப்பு ஒரு கொன்வெர்ஸோவின் கசப்பு என்றார். மறுபக்கத்தில் மார்செல் பதாயோன் போன்றவர்கள், இது காமத்தின் கேட்டைக் காட்டுகிற நீதிநூல்தான், ஆசிரியரின் பிறப்பை இழுக்கத் தேவையில்லை என்கிற தரப்பில் நின்றார்கள்.

நான் காஸ்த்ரோ பக்கம்தான். ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். நூலைத் திறந்ததும் 'எழுதினவன் ரத்தம் என்ன?' என்று கேட்பது விசாரணையாளன் கேட்ட கேள்விதானே? அவனும் வரிக்கு வரி யூத வாடை பிடித்தான், விமர்சகனும் பிடிக்கிறான். நம்மை எப்படி வாசிக்கிறார்கள் என்று யோசித்தால் உறுத்தல் கூடும். ஒரு தலித் கோபமாக எழுதினால் அது பிறப்பின் கசப்பு. அமைதியாக எழுதினால், பரவாயில்லையே, இவருக்கும் அழகியல் வருதே. எதை எழுதினாலும் ரத்தப் பரிசோதனை முடிவு மட்டும்தான் மதிப்புரையாக வருகிறது.

அதற்காகப் பிறப்பைப் பேசாதே, பிரதியை மட்டும் பார் என்கிறவர்களோடு போய் நிற்க முடியுமா? அவர்கள் சொல்கிறபடி வாசித்தால் தோல் பதனிடும் கூடம் வெறும் இட வர்ணனை; 'நீதிமன்றத்தால்' என்கிற சிலேடை வெறும் நகைச்சுவை; தலையெழுத்துக்களில் ஒளிந்த பெயர் வெறும் சித்திரகவி. தலித் இலக்கியத்தை யார் எழுதலாம் என்று 1990களில் தொடங்கி நாம் போட்ட சண்டையும் இங்கேதான் முட்டிக்கொண்டது. அப்போது நம்மைப் பார்த்து, நீங்களும் பிறப்பைத்தானே பார்க்கிறீர்கள் என்று நக்கலடித்தார்கள்.

இருக்கிற வித்தியாசம் இது. விசாரணை மன்றம் ரோஹாஸின் பிறப்பைக் கேட்டது அவர் வாயை மூடுவதற்கு. நாம் பிறப்பைச் சொல்வது, செல்லாது என்று தள்ளப்பட்ட சாட்சியத்தைப் பதிவு செய்வதற்கு. கேள்வி ஒன்றாக இருக்கலாம்; அது எந்தக் கதவைச் சாத்துகிறது, எதைத் திறக்கிறது என்று பார்த்துத்தான் அதை எடைபோட முடியும். நாம் கேட்கிற கேள்வி எப்போதாவது யாரையாவது பேசவிடாமல் செய்தால், அன்றைக்கு நாமும் அந்த மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டோம் என்று அர்த்தம். இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னச் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளில் 'காஸ்தா' என்றால் வம்சம், இனவகை. விலங்குக்கும் செடிக்கும்கூடச் சொல்வார்கள். 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு வந்த போர்த்துக்கீசியர்கள், பதினாறாம் நூற்றாண்டில் இங்கே பார்த்ததற்கு அந்தச் சொல்லையே வைத்தார்கள். அதுதான் ஆங்கிலத்தில் 'காஸ்ட்' ஆகி நம் சாதிச் சான்றிதழில் அச்சாகி வருகிறது. 1560இல் கோவாவில் விசாரணை மன்றத்தையும் திறந்தார்கள். 1812 வரை அது நடந்தது. இங்கே இருந்ததை அவர்கள் உண்டாக்கவில்லை. இங்கே அது அவர்களுக்கு முன்னாலேயே நன்றாக வேர்விட்டிருந்தது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் அதற்குப் பேர் வைக்க அவர்களிடம் ஒரு சொல் தயாராக இருந்தது. மறுமலர்ச்சியைப் பாடமாக எடுக்கிறவர்கள் அடுத்த தடவை அந்தச் சொல்லையும் கரும்பலகையில் எழுதட்டும். ஐந்து மார்க்குக்கு அதையும் கேட்கட்டும்.